மூத்த மருமகனின் தாக்கப் புள்ளி

ஜூலியஸின் பெரியப்பா ஒருவர் பாரிஸில் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்த காலையில் பஸ்ரியன் பாணைத் தொடாமல் தள்ளி வைத்தார். துக்கம் என்றுதான் மனைவி அன்ரனெற் நினைத்தாள். அவள் நல்லவள். அது பொறாமை.

"உவனுக்கு இந்த வருசம் இது மூண்டாவது" என்றார் பஸ்ரியன், தேநீரைக் கலக்கியபடி. "இன்னும் ஆறேழு பேர் இருக்கினம். எல்லாரும் எண்பதுக்கு மேல."

"ஆருக்கு என்ன மூண்டாவது?"

"செத்தவீடு."

அன்ரனெற் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கணவருக்காகவா பெரியப்பாவுக்காகவா என்று தெரியாமல் ஒரு சின்னச் செபம் சொன்னாள்.

மனிதன் அடுத்தவனின் காரைப் பார்த்துப் பொறாமைப்படலாம், வீட்டைப் பார்த்தும் படலாம். பஸ்ரியன் அவை இரண்டையும் முறைப்படி பட்டு முடித்தவர்தான். ஜூலியஸுக்கு யூனியன்வில்லில் மூலைக்காணி வீடு. பஸ்ரியனுக்கு அஜக்ஸில் வீடு, அதற்கும் வேலைக்கும் நடுவில் நானூற்றியோராம் நெடுஞ்சாலை. ஆனால் அடுத்தவனின் இழவைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைக்குப் படித்த மனிதர் ஒருவரைக் கொண்டுவர வேண்டுமென்றால், அது சாதாரண ஆட்களால் ஆகிற காரியமில்லை. அதற்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும்.

இருவரும் சகலன்மார். ஒஷாவாவில் இருக்கும் அமிர்தநாதரின் மூத்த மகளைக் கட்டியவர் பஸ்ரியன். இளையவள் றஜிதாவைக் கட்டியவன் ஜூலியஸ். போதாக்குறைக்கு ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருவருக்கும் ஒரே துறை, ஒரே மாடி. பஸ்ரியன் தண்ணீரை ஆராய்கிறவர். குளிர்காலத்தில் தெருவில் கொட்டுகிற உப்பு கரைந்து ஓடைக்குள் போய் என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. இருபது வருடத்துக்கு மேலாக மாதந்தோறும் ஸ்காபரோவில் ஒரே ஓடைக்குள் முழங்கால் வரை இறங்கி, போத்தலில் தண்ணீர் மொண்டுவந்து ஆய்வுகூடத்துக் குளிர்பெட்டிகளில் வைத்திருந்தார். முன்பெல்லாம் மார்கழியில் ஏறும் உப்பு வைகாசியில் இறங்கிவிடும். இப்போது ஆவணியிலும் இறங்குவதில்லை. ஓடையிலிருந்த நத்தைகள் போய்விட்டன. இதை அறிந்த ஒரே மனிதர் உலகத்தில் பஸ்ரியன்தான். அவர் கட்டுரைகளை வாசித்தவர்கள் அதைவிடக் கொஞ்சம் கூட, நாலு பேர்.

ஜூலியஸ் தண்ணீரைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் பற்றி எழுதுகிறவன். அவனுடைய சப்பாத்து நனைந்ததை எவரும் கண்டதில்லை. அவனும் ஐரோப்பாவிலுள்ள சில நண்பர்களும் ஒருவரின் கட்டுரையில் மற்றவரின் கட்டுரையை மேற்கோள் காட்டுவார்கள். நத்தார்ப் பண்டிகைக்குப் பலகாரத் தட்டு மாறுகிற மாதிரித்தான். எவருடைய தட்டும் வெறுமையாகத் திரும்பாது.

இந்த வகை மனிதர்களை ஒழுங்காக அளப்பதற்காகப் பல்கலைக்கழகம் தாக்க அலுவலகம் என்று ஒன்றைத் திறந்தது. அது ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஒரு தாக்கப் புள்ளி போட்டது. மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒரு திரை வைத்தார்கள். திங்கட்கிழமைகளில் பெயர்கள் ஏறி இறங்கும்; ஏறியவனுக்குப் பச்சை அம்பு, இறங்கியவனுக்குச் சிவப்பு. மனிதர்கள் மின்தூக்கியை விட்டுப் படியால் போகத் தொடங்கினார்கள். உடல் ஆரோக்கியத்தில் தன் தாக்கம் என்று அலுவலகம் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

பிறகு இடப் பற்றாக்குறை வந்தது. மாடியில் இருந்தது ஒரேயொரு பெரிய ஆய்வுகூடம், பஸ்ரியனின் குளிர்பெட்டிகள் நின்ற அறை. சித்திரை முடிவில் புள்ளி கூடியவருக்கே அது என்று சுற்றறிக்கை வந்தது. ஜூலியஸ் அதைத் தனக்குக் கேட்டிருந்தான். அங்கே மெத்தை நாற்காலிகள் போட்டுச் சிந்தனைக் கூடம் அமைக்கப் போகிறானாம்.

மாசி மாதம் வரை பஸ்ரியன் ஒரு மயிரிழை முன்னால்தான் இருந்தார். அப்போதுதான் ஜூலியஸின் அத்தை ஒருவர் நோர்வேயில் கண்ணை மூடினார். அடுத்த திங்கள் திரையில் ஜூலியஸின் பெயர் கூரையைத் தொட்டது.

பஸ்ரியன் கணினியில் நோண்டிப் பார்த்தார். விசயம் வெளித்தது. 'சமூகத் தாக்கம்' என்று புதிதாக ஒரு பகுதி சேர்த்திருந்தார்கள். பேராசிரியர் என்ற பட்டத்தோடு ஒருவரின் பெயர் இணையத்தில் எங்கே, எந்த மொழியில் வந்தாலும் புள்ளி. எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல் தளங்களை மென்பொருள் கண்டுபிடித்துவிட்டது. 'பேராசிரியர் ஜூலியஸ் (கனடா), மரியநாயகம் (பிரான்ஸ்), செல்வராணி (லண்டன்), எட்வேட் (சுவிஸ்) ஆகியோரின் பாசமிகு அத்தையும்' என்ற வரியை அது பல நாட்டு அறிஞர்களின் கூட்டு ஆய்வாக எடுத்துக்கொண்டது. காலமான அத்தை முதன்மை ஆசிரியர். கீழே குவிந்திருந்த 'ஆழ்ந்த அனுதாபங்கள்' எல்லாம் வாசகர் வரவேற்பு.

பஸ்ரியன் நேரே தாக்க அலுவலகத்துக்குப் போனார். தலைவி பிரெண்டா அவரை அன்பாக வரவேற்று, சாய்ந்தால் சத்தம் போடாத நாற்காலி ஒன்றில் இருத்தினார். பஸ்ரியன் படபடவென்று விளக்கினார்: இது ஆய்வு இல்லை, இழவுச் செய்தி, அந்த அம்மா நீரியல் நிபுணர் இல்லை, ஊர்காவற்றுறையில் பிறந்து ஒஸ்லோவில் இறந்த ஒரு குடும்பப் பெண்.

"ஆக, புலம்பெயர்ந்த பெண் ஆய்வாளர்" என்று பிரெண்டா ஆங்கிலத்தில் சொல்லியபடி குறித்துக்கொண்டார். "அருமை."

"அம்மணி, உங்கள் மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது!"

"அதுதான் அதன் பலம். மொழி தெரிந்தால் விசயம் விளங்கிவிடும். விளங்கினால் பக்கச்சார்பு வந்துவிடும். இந்த அலுவலகம் திறந்த நாளிலிருந்து நாங்கள் ஒரு கட்டுரையைக்கூட வாசித்ததில்லை. அந்த நேர்மையை எவரும் குறை சொல்ல முடியாது." பிரெண்டா கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். "இதைப் பாருங்கள். உங்கள் சகாவின் இந்த வெளியீட்டுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட பேர் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். கண்ணீர்ப் படங்களைத் தனியாக எண்ணியிருக்கிறோம். உப்புப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்து எத்தனை பேர் அழுதார்கள்?"

பஸ்ரியன் யோசித்தார். மூன்றாம் முறை திருத்தி எழுதச் சொன்னபோது அவர்தான் அழுதார். அதைச் சொல்லவில்லை.

"உங்களுக்கும் அதே சமூகம் இருக்கிறதே" என்றார் பிரெண்டா, தோளில் தட்டி. "வாய்ப்புகளைத் தேடுங்கள்."

வாய்ப்புத்தான் இல்லை. பஸ்ரியன் தாய் தகப்பனுக்கு ஒரே பிள்ளை. மன்னாரில் தகப்பனும் தாயும் இணையம் வருவதற்கு முன்னமே, ஒரு புள்ளிக்கும் உதவாமல், போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஜூலியஸின் தகப்பனாரோ பதினொரு பேரில் ஒருவர். இத்தனை காலமும் அந்தப் பெருங்குடும்பத்தைப் பார்த்துப் பஸ்ரியன் சிரித்திருக்கிறார். கலியாணத்துக்குக் கூப்பிடவே தனி பஸ் வேண்டும் என்று பகிடி பண்ணியிருக்கிறார். இப்போது அந்தக் கிழவர்கள் ஒவ்வொருவரும் வட்டியோடு வளரும் வைப்பாகத் தெரிந்தார்கள். இராப்பகலாக நெஞ்சு எரிந்தது. ஆய்வுகூடத்துக்காகத்தான் இந்த எரிச்சல் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மை. மீதிப் பாதி, ஜூலியஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சை அம்பைப் பார்க்கச் சகிக்காதது.

அன்றிலிருந்து பஸ்ரியன் செத்தவீடுகளுக்கு முதல் ஆளாகப் போகத் தொடங்கினார். சொந்தம், அயல், பங்கு மக்கள், சைவக்காரர், வேதக்காரர் என்ற பேதம் பார்க்கவில்லை. உடலை வைத்திருக்கும் மலர்ச்சாலையில் குடும்பத்தவர்கள் கையைப் பிடித்து அழுதுகொண்டிருக்கும்போதே, "அறிவித்தல் எழுத ஆள் இருக்கோ? நான் எழுதித் தாறன்" என்பார். படித்த மனிதர், தானாக வந்து உதவுகிறார் என்று சனம் உருகியது. அறிவித்தலில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் எல்லாரையும் ஒழுங்காகப் போட்டுவிட்டு, கடைசியில் 'பேராசிரியர் பஸ்ரியன் (கனடா) அவர்களின் உற்ற நண்பரும் ஆவார்' என்று முடிப்பார். ஒருமுறை காலமானது ஒன்றரை வயதில் நாடுவிட்டு வந்த ஒரு பெடியனின் கொள்ளுப்பாட்டி. அவரும் உற்ற நண்பர்தான்.

புள்ளி ஏறியது. ஆனால் நண்பருக்குக் கொடுக்கும் புள்ளி மருமகனுக்குக் கொடுப்பதில் பாதி. இதையும் மென்பொருள் எப்படியோ மோப்பம் பிடித்து வைத்திருந்தது.

இதற்கிடையில் பல்கலைக்கழகம் ஜூலியஸை அழைத்து இளம் விரிவுரையாளர்களுக்கு ஒரு பயிற்சிப்பட்டறை நடத்தியது. 'உறவு வழித் தாக்கம்: சில நல்ல நடைமுறைகள்' என்று தலைப்பு. கறுப்புக் கோட்டோடு வந்த ஜூலியஸ், "நான் தனியாகச் சாதித்தது எதுவுமில்லை. எல்லாம் என் குடும்பத்தாரின் தியாகம்" என்று அடக்கமாகச் சொன்னான். பீடாதிபதி எழுந்து நின்று கைதட்டினார். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்த ஒரு ஜெர்மன்காரி, இது பாகுபாடு இல்லையா என்று கேட்டாள். தத்தெடுப்பதற்குப் பல்கலைக்கழகம் விடுமுறை தரும் என்று பிரெண்டா பதில் சொன்னார். பஸ்ரியன் கடைசி வரிசையில் இருந்து நகத்தைக் கடித்தார். போகும்போது ஜூலியஸ் பக்கத்தில் வந்து, "அண்ணை, நீங்கள் வந்தது பெரிய சந்தோசம்" என்றான். அவன் மனதாரத்தான் சொன்னான். அதைத்தான் பஸ்ரியனால் மன்னிக்க முடியவில்லை.

சித்திரை கடைசி வாரத்தில் மாமனார் அமிர்தநாதருக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் போட்டார்கள். எண்பத்தெட்டு வயது. இரண்டு மகள்களும் இரண்டு மருமக்களும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பஸ்ரியனுக்கு மாமனாரில் மெய்யாகவே பாசம் உண்டு. மனிதரின் மூச்சு இழுப்பதைப் பார்த்து அவர் கண் கலங்கியது. கலங்கிய கண்ணுக்குள்ளேயே இன்னொரு எண்ணமும் வந்து குந்திக்கொண்டது: நான் மூத்த மருமகன். பெயர் முதலில் வரும். முதற் பெயருக்குப் புள்ளி இரட்டிப்பு. வருகிற திங்கள்தான் கடைசித் திங்கள்.

அறிவித்தல் அவருடைய தொலைபேசியில் இரண்டு நாளாக ஆயத்தமாக இருந்தது. ஓர் அழுத்தல்தான் மிச்சம்.

மத்தியானம் பாதிரியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கான அவஸ்தைபூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். மகள்கள் விம்மினார்கள். அமிர்தநாதர் கண்ணை மூடி அசையாமல் கிடந்தார். அந்த நேரம் ஜூலியஸ் மெல்லத் தொலைபேசியை எடுத்தான். எதையோ தட்டினான். எவருக்கும் சொல்லாமல் வெளியே நடந்தான்.

பஸ்ரியனுக்குத் தலைக்குள் இரத்தம் ஏறியது. போடப் போகிறான். முந்தப் போகிறான். 'பேராசிரியர் ஜூலியஸ்' என்று முதலில் போட்டு, என்னை 'மற்றும்' என்ற சொல்லுக்குப் பின்னால் தள்ளப் போகிறான். மாமனாரை ஒருதரம் பார்த்தார். எப்படியும் இன்றைக்கோ நாளைக்கோதானே என்று நினைத்தார். அழுத்திவிட்டார்.

ஐந்து நிமிடத்தில் ஜூலியஸ் திரும்பி வந்தான். கையில் ஓர் அட்டைத் தட்டு, அதில் நாலு கோப்பி.

"அண்ணைக்குச் சீனி இல்லாமல்" என்று ஒன்றை நீட்டினான். "காலமையிலிருந்து ஒண்டும் குடிக்காமல் நிக்கிறியள்."

பஸ்ரியன் கோப்பியை வாங்கினார். அந்த நேரம் அன்ரனெற்றின் தொலைபேசி அடித்தது. பிறகு றஜிதாவினுடையது. பாரிஸிலிருந்து ஒரு குரல் ஓலமிடுவது அறை முழுக்கக் கேட்டது. மூன்றாவதாக, கட்டில் பக்கத்து மேசையில் கிடந்த அமிர்தநாதரின் தொலைபேசியே அடித்தது. கிழவர் கண்ணைத் திறந்தார். கையை நீட்டி எடுத்தார்.

"ஓம், அமிர்தநாதர்தான் கதைக்கிறன்... ஆர்?... ஆர் செத்தது?... எப்ப?"

அமிர்தநாதர் நிமிர்ந்து இருந்தார், தலையணையைச் சரிசெய்யச் சொன்னார், கண்ணாடி கேட்டார். றஜிதா தன்னுடைய தொலைபேசியில் அறிவித்தலைக் காட்டினாள். அவர் வாய்க்குள் முணுமுணுத்தபடி மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"மருமோன்" என்றார் கடைசியில். "இதில என்ரை பேர் ஒருக்காத்தான் வருது. உம்மடை பேர் மூண்டு தரம் வருது. செத்தது நானோ, நீரோ?"

அன்ரனெற் கணவரைப் பார்த்த பார்வையை எழுத்தில் போட முடியாது. அஜக்ஸ் வரும் வரைக்கும் காரில் அவள் செபமாலை உருட்டினாள். வீட்டு வாசலில், "அப்பா உங்களை மகன் எண்டுதான் எல்லாருக்கும் சொல்லுறவர்" என்றாள். பஸ்ரியன் காருக்குள்ளேயே கொஞ்சநேரம் இருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று மாலையே அவர் மறுப்பு வெளியிட்டார். 'அமிர்தநாதர் அவர்கள் கர்த்தரின் கிருபையால் நலமாக உள்ளார். தவறுக்குப் பேராசிரியர் பஸ்ரியன் வருந்துகிறார்.' இத்தோடு தான் தொலைந்தேன் என்று நினைத்தார். அறை போய்விட்டது. போகட்டும், அது தனக்குத் தகும் என்றும் நினைத்தார்.

திங்கட்கிழமை திரையில் முதலாவது பெயர் அவருடையது. பச்சை அம்பு திரையை விட்டு வெளியே போகப் பார்த்தது.

பிரெண்டா ஒரு சிறு கூட்டம் வைத்தார். பழத்துண்டுகளும் பாற்கட்டியும் இருந்தன. "முதலில் ஒரு முடிவை வெளியிடுவது, பிறகு அதே நாளில் அதை மறுப்பது. இப்படியொரு உத்தியை நாங்கள் பார்த்ததில்லை" என்றார் பிரெண்டா. "முதற் செய்திக்கு அழுதவர்கள் அனைவரும் இரண்டாவதற்குத் திரும்பி வந்து சிரித்திருக்கிறார்கள். பிழையான ஆய்வு சரியான ஆய்வைப்போல் இரண்டு மடங்கு மதிப்புள்ளது என்பதை எண்கள் காட்டுகின்றன. இதை நாங்கள் நெடுநாளாகச் சந்தேகித்தோம்." பீடாதிபதி பஸ்ரியனின் கையைக் குலுக்கினார். பின்வரிசையில் நின்ற ஜூலியஸின் முகம் முதல்முறையாகச் சிறுத்துப் போயிருந்தது. பஸ்ரியன் அதைப் பார்த்தார். இனித்தது. வெட்கம் கெட்ட மனசு என்று தன்னையே திட்டிக்கொண்டு, இன்னொருதரம் பார்த்தார்.

பிறகு ஆய்வுகூடத்துக்குப் போனார். கதவில் அவருடைய பெயரில் புதிய பலகை மினுங்கியது. உள்ளே மெத்தை நாற்காலிகள் இருந்தன. குளிர்பெட்டிகள் இல்லை. கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வெறும் போத்தல்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

பிரெண்டா பின்னாலேயே வந்தார். "உங்கள் புள்ளியைப் பகுத்துப் பார்த்தோம். தண்ணீரால் வந்தது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. உங்கள் நேரத்தை அது தின்றுகொண்டிருந்தது. ஆகவே விடுவித்துவிட்டோம்" என்றார். "அடுத்த காலாண்டுக்குக் குடும்பத்தில் எவரை உத்தேசித்திருக்கிறீர்கள்?"

பஸ்ரியன் தொட்டியைப் பார்த்தபடி நின்றார். இருபது குளிர்காலமும் அந்தத் துவாரத்தால் போய்விட்டது. திரும்ப மொள்ளலாம், ஆனால் அன்றைய ஓடை இன்று இல்லை. தகப்பன் செத்தபோது வராத அழுகை அவருக்கு அப்போது வந்தது. பிரெண்டா மெதுவாகத் தொலைபேசியை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

அன்று பஸ்ரியன் வீட்டுக்கு வந்து மேசையில் இருந்து கடைசியாக ஓர் அறிவித்தல் எழுதினார்.

'ஸ்காபரோவைப் பிறப்பிடமாகவும், ஆய்வுகூடக் குளிர்பெட்டியை வதிவிடமாகவும் கொண்ட ஓடைத் தண்ணீர் அவர்கள், ஆவணியிலும் உப்புக் குறையாத நிலையில் நீண்டகாலம் சுகவீனமுற்றிருந்து, இன்று கைகழுவும் தொட்டியில் காலமானார். அன்னார், காலஞ்சென்ற நத்தைகளின் ஆருயிர்த் தோழரும், பஸ்ரியனின் பாசமிகு வாழ்நாள் வேலையும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்.'

பேராசிரியர் என்ற சொல்லை எங்கேயும் போடவில்லை. தளக்காரர்கள் வாசித்துப் பார்க்காமலே வெளியிட்டார்கள். அவர்களும் ஒரு முறைமையின்படி நடக்கிறவர்கள்தான். சற்று நேரத்தில் அனுதாபங்கள் வரத் தொடங்கின. நோர்வேயிலிருந்து ஒருவர் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்தித்தார். லண்டனிலிருந்து இன்னொருவர், 'அண்ணை எங்கட கலியாணத்துக்கு வந்தவர். நல்ல அமைதியான மனுசன்' என்று எழுதியிருந்தார்.

அன்ரனெற் தோளுக்கு மேலால் எட்டி முழுவதையும் வாசித்தாள். பல நாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. "சாப்பிட வாங்கோ" என்றாள்.

தொலைபேசி அடித்தது. ஜூலியஸ். குரல் கம்மியிருந்தது.

"அண்ணை, இப்பதான் பாத்தன். ஆரெண்டு எனக்குச் சரியா விளங்கேல்லை. அது பறவாயில்லை. ஆனால் குடும்பத்துக்குள்ள இப்பிடிச் செய்யலாமோ? என்ரை பேரை ஏன் விட்டனீங்கள்?"

பஸ்ரியன் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வருடத்தில் முதல்முறையாக அவருக்கு நன்றாகப் பசித்தது.

"கவலைப்படாதையும்" என்றார். "முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலியில போடுவம்."